அரைத் துண்டு நார்த்தங்காய்

உட்காருங்க ஐயா. அந்தப் பலகை வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தப் பக்கம், தூண் ஓரமா உட்காருங்க. மூணு நாள் ஏத்தம் ஏறி வந்திருக்கீங்க, முதல்ல மூச்சு வாங்கிக்குங்க. இலை போடுறேன். காசெல்லாம் கிடையாது, இது தர்மச் சத்திரம். மலை ஏறி வர்றவங்க யாரா இருந்தாலும் வயிறு நிறையச் சோறு போடாம மேலே விடக் கூடாதுன்னு சத்திரத்துக்காரர் உத்தரவு. நான் இங்கே சமையல்காரன். பேரு கொற்றன்.

அந்த நீள மூட்டையைச் சுவர்ல சாய்ச்சு வைங்க. வாசல்ல காவல்காரர்கிட்ட என்ன சொன்னீங்களாம், குடை வியாபாரின்னா? நல்லது. ஒரே ஒரு குடையை எடுத்துக்கிட்டு, அதையும் ஆள் உயரத்துக்குத் துணி சுத்திக்கிட்டு மலை ஏறுற வியாபாரியை நான் இப்பத்தான் பார்க்கிறேன். கேட்கலை ஐயா, நான் ஒண்ணும் கேட்கலை. சோறு சூடா இருக்கு, குழம்பை ஊத்திப் பிசைங்க. கத்திரிக்காய் நம்ம தோட்டத்துது.

ஏன், என்ன ஆச்சு? முதல் கவளத்துலேயே முகம் இப்படிப் போகுது. ஆறு வருஷமா இந்த அடுப்படியில நிக்கிறேன், என் கைச் சோத்தைத் தின்னுட்டு ஒருத்தரும் அப்படி முகம் சுளிச்சதில்லை. சுளிச்சாலும் வாயைத் திறந்து குறை சொல்லலை பாருங்க, அது நல்ல வளர்ப்பு. இன்னைக்குச் சமையல் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்குங்க. ஊறுகாய் மட்டும் கேட்காதீங்க. இருந்தாலும் கொடுக்க மாட்டேன். என் வாழ்க்கையே ஒரு அரைத் துண்டு நார்த்தங்காயால போச்சு ஐயா. சொல்றேன், சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க.

நான் ஒண்ணும் சமையல்காரனாப் பிறக்கலை. ஒளிமங்கலத்துத் திருப்படைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வெள்ளைக் கச்சை, வெள்ளி வேல், தீமை எங்கே இருந்தாலும் தேடிப் போய் அழிக்கிற விரதக்காரங்க. அதுல நான் ஒரு வீரன். சிரிக்காதீங்க. இந்த வயிறு பின்னாடி வந்தது. அப்பவும் ஒல்லின்னு சொல்ல முடியாது, ஆனா கச்சையைச் சுத்தி முடிச்சுப் போட்டா மீதித் துணி தொங்கும்.

குடை வியாபாரிக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க நியாயமில்லை, அதனால விவரமாவே சொல்றேன். திருப்படைக்கு நூறு விதி. தொண்ணூத்தொன்பதை மீறினாலும் ஏதோ ஒரு பரிகாரம் உண்டு. ஒண்ணுக்கு மட்டும் கிடையாது. யார் உப்பைத் தின்னியோ அவன் மேல ஆயுதம் தூக்கக் கூடாது. அவன் அரக்கனா இருந்தாலும் சரி, தூக்கக் கூடாது. தூக்கினா வேல் கையிலேயே உளுத்துப் போகும். நெல்லை மண்ணு கொடுக்குது, தண்ணியை மழை கொடுக்குது, உப்பு ஒண்ணுதான் சோறு போடறவன் கையால விழுது, அதனால கடன் உப்புலதான் இருக்குன்னு எங்க ஆசான் சொல்வார். அந்த ஆசானுக்கு ரத்தக் கொதிப்பு, அவர் உப்பே தொட மாட்டார். அவருக்குச் சொல்றதுக்கு என்ன, சொல்லலாம்.

நாக்கு நம்ம பேச்சைக் கேட்கணும்னு வருஷா வருஷம் நாப்பது நாள் உப்பில்லா நோன்பு. முப்பத்தெட்டு நாள் இருந்தேன் ஐயா. முப்பத்தொன்பதாம் நாள் மத்தியானம் சாமான் வைக்கிற உக்கிராண அறைக்குப் போனேன். எதுக்குன்னு கேளுங்க. இத்தனை நாளா யாரும் திறக்காத சாடி, நார்த்தங்காய் பூசணம் பிடிச்சிருக்குமோன்னு ஒரு கவலை. முந்நூறு பேர் இருக்கிற மடத்துல ஒருத்தனுக்காவது பொறுப்பு வேண்டாமா? திறந்தேன், பார்த்தேன். பூசணம் இல்லை. கண்ணால பார்த்தா மட்டும் போதுமான்னு ஒரு அரைத் துண்டு வாயில போட்டேன். திரும்பினா ஆசான் நிக்கிறார்.

"கொற்றா, ஊது"ன்னார்.

ஊதினேன். பக்கத்துல நின்னவங்க எல்லாம் எச்சில் விழுங்கினாங்க. அதைப் பத்தி யாரும் விசாரிக்கலை. அரைத் துண்டு, ஒண்ணரைத் துண்டு, அதுக்கு மேல இருக்காது. அதுக்கு என் கச்சையை உருவி, உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பிக் கட்டி, மேற்கு வாசல் வழியா வெளியே அனுப்பினாங்க. பேரேட்டு ஓலையில இருந்த என் பேரைச் சுரண்டினாங்க. சுரண்டட்டும், விதி அதுதான். ஓலை கிழியற மாதிரியா சுரண்டணும்? மெதுவாச் சுரண்டியிருக்கலாம். அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறலை.

வேல் ஒண்ணை மட்டும் பிடுங்க முடியாது. அது வீரன் செத்தாத்தான் கை மாறும். அந்த வேலைத் தரையில ஊன்றி நான் கேட்டேன், "ஆறுமறிச்சானைக் கொன்னுட்டு வந்தா என் பேரைத் திரும்ப எழுதுவீங்களா?" ஆசான், "எழுதறேன்"ன்னார். உடனே சொல்லிட்டார். ஒரு பேச்சுக்காவது, வேண்டாம்டா, அவன்கிட்ட போன ஒருத்தனும் திரும்பலைன்னு தடுத்திருக்கலாம்.

ஆறுமறிச்சான் யாருன்னு வழியில சொல்லியிருப்பாங்க. இந்த மலையில ஆறு பிறக்கிற ஊத்துக்கண்ணுல பாறையை உருட்டி வெச்சு அடைச்ச அரக்கன். பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அவர் மூச்சு நின்னாத்தான் அந்தப் பாறை நகரும். திருப்படையோட வேல் தவிர வேற எந்த ஆயுதமும் அவர் தோலைக் கீறாது. கீழே ஏழு ஊர் காய்ஞ்சு கிடக்கு. எதுக்கு அடைச்சார்னு கேட்டா, ஓடற தண்ணிச் சத்தத்துல அவருக்குத் தூக்கம் வரலையாம். இப்ப நல்லாத் தூங்கறார். அவர்னு சொல்றேன்னு பார்க்கிறீங்க. பழக்கமாயிடுச்சு. ஏன்னு சொல்றேன்.

இன்னும் கொஞ்சம் சோறு போடுறேன், இலையைக் கையால மறைக்காதீங்க.

புறப்பட்டு வந்து மலையடிவாரத்துல பரிசல்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். நீங்களும் அந்த வழியாத்தான் வந்திருக்கணும். பேருதான் பரிசல்பட்டி. பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதுக்குள்ள கோழி அடைக்கிறாங்க. அங்கே வேம்பின்னு ஒரு அம்மா. பரிசல் ஓட்டின குடும்பம். அவங்க வீட்டுக்காரர் தண்ணி கேட்டு மலைக்குப் போனவர் வரவே இல்லை. அவங்க வாய் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். என்னைப் பார்த்ததும், "சாமி, உங்களுக்கு முன்னாடியே உங்க கூட்டத்துல எட்டு பேருக்குக் கட்டுச்சோறு கட்டிட்டேன். ஒருத்தரும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலை"ன்னாங்க. கோபத்துலயும் எனக்கு ஒரு சுரைக்குடுவை நிறையக் கம்பங்கூழ் ஊத்திக் கொடுத்தாங்க. மூணு நாளைக்கு வரும்னாங்க. "குடிச்சிட்டுப் போய் அவனைக் குத்துங்க. குடுவை மட்டும் பத்திரம்."

முதல் நாள் ஒரு வாய் குடிச்சேன். உப்பில்லை. ஒரு கல்லு உப்பில்லை. நோன்புல பட்டது போதாதுன்னு இங்கேயுமா? திரும்பிப் போய்க் கேட்கலாமான்னு பார்த்தேன், அவங்க வாயை நினைச்சு விட்டுட்டேன். ரெண்டாம் நாள் பாறை மேல ஒரு குரங்குக் கூட்டம் பசியோட இருந்தது. வாயில்லாப் பிராணிங்க. இரக்கப்பட்டு ஊத்திட்டேன். அதுங்களும் மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சுங்க.

மூணாம் நாள் வயிறு முதுகோட ஒட்டிப் போய் ஏறி வர்றேன். வாசனை வருது. நெய் உருகுற வாசனை. பார்த்தா ஒரு சத்திரம். வாசல்ல தோரணம், உள்ளே தூண் ஓரமா இலை. ஆமா, இந்தத் தூண்தான். நல்ல உயரமா, தலைப்பாகை கட்டின ஒரு பெரியவர், அவரே கரண்டியைப் பிடிச்சுப் பரிமாறினார். பருப்பு, கூட்டு, ரெண்டு பொரியல். நான் எதுவும் சந்தேகப்படலை. தர்மம் பண்றவனைச் சந்தேகப்பட்டா பாவம் இல்லையா? கடைசியில ஒரு சாடியைத் தூக்கிக்கிட்டு வந்தார். நார்த்தங்காய். பழுப்பா, எண்ணெய் பளபளன்னு. நான் மறுத்தேன் ஐயா, சத்தியமா மறுத்தேன். மனசுக்குள்ள. அதுக்குள்ள இலையில விழுந்துடுச்சு.

சாப்பிட்டு முடிச்சதும் அவர் குனிஞ்சு, சிரிச்ச முகமாக் கேட்டார், "உப்பு சரியா இருந்துதா?"

"கணக்கா இருந்தது"ன்னேன். சும்மா சொல்லக் கூடாது, கணக்காத்தான் இருந்தது.

அவர் தலைப்பாகையைக் கழட்டினார். ரெண்டு கொம்பு.

என்ன, கையை எடுத்துட்டீங்க? உட்காருங்க. உட்காருங்க ஐயா. அந்தக் குடைப்பக்கம் இப்பப் போகாதீங்க. ஆமா, சத்திரத்துக்காரர் ஆறுமறிச்சான்தான். இது அவரோட சத்திரம்தான். இந்த இலை அவரோட இலைதான். வாயில விரலை விடாதீங்க, நானும் விட்டேன், பிரயோஜனம் இல்லை. எனக்கு முன்னாடி வந்த எட்டு பேரும் விட்டாங்க, அவங்களுக்கும் இல்லை. அழாதீங்க, இவ்வளவு பெரிய மனுஷர். கதை முடியலைன்னு சொல்றேன் இல்லையா? ஒரு வாய் மோர் குடிங்க. குடிங்க, என்னை நம்புங்க. நம்பற மாதிரி நான் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலைதான், இருந்தாலும் குடிங்க.

அன்னைக்கு நான் என் வேலைக் கையில தூக்கினேன். அது கையிலேயே உளுத்துக் காம்புல இருந்து தூளாக் கொட்டுச்சு. உடனே கீழே வெச்சேன், பாதியோட நின்னுது. அந்தப் பாதியைத்தான் இப்ப அடுப்புல கங்கு தள்ள வெச்சிருக்கேன், பார்த்தீங்களா? உங்களை வாசல்ல விசாரிச்ச காவல்காரர் யாருன்னு நினைக்கிறீங்க? சிங்கக் கொடி பிடிச்ச வீரர். தோட்டத்துல கத்திரிக்காய் பறிக்கிறவர் ஒரே நாள்ல மூணு பேயை ஓட்டினவர். அவரோட கேடயத்துலதான் நான் சோறு வடிக்கிறேன். கஞ்சி நல்லா இறங்குது. என்னோட சேர்த்து ஒன்பது பேர். எங்கே போறது? தோத்தவன்னா மடத்துல கட்டுப் போட்டுப் படுக்க வைப்பாங்க. தின்னவனை என்ன பண்ணுவாங்க?

முதல் வாரத்துலேயே இங்கே இருந்த சமையலைப் பார்த்தேன், சகிக்கலை. நானே கரண்டியை வாங்கிக்கிட்டேன். அடிமைன்னு நினைக்காதீங்க. நான் சமயம் பார்த்துக்கிட்டு இருந்தேன். எதிரியோட கோட்டைக்குள்ளேயே இருந்து அவன் பலம், பலவீனம் எல்லாத்தையும் கவனிக்கிறது ஒரு போர்முறை. ஆறு வருஷம் கவனிச்சேன். அவருக்குக் குதிகால் வலி. சண்டை போடவே தெரியாது, போட வேண்டிய அவசியமே வந்ததில்லையே. கொம்பு சின்னது, தலை துவட்டும்போது துண்டு மாட்டிக்கிட்டுச் சிரமப்படுவார். நான்தான் எடுத்து விடுவேன். நல்லாப் பேசுவார். என் புளிக்குழம்பைச் சாப்பிட்டுட்டு, "கொற்றா, உன்னை மடத்துல இருந்து துரத்தினவங்க முட்டாளுங்க"ன்னு ஒரு நாள் சொன்னார். அன்னைக்கு எனக்குக் கண் கலங்கிடுச்சு. எங்க ஆசான் ஒரு நாளாவது அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்காரா?

தண்ணிக்கும் இங்கே பஞ்சமில்லை. பாறைக்கு இந்தப் பக்கம் ஏரி மாதிரி நிக்குது. காலையில ஒரு குளியல், சாயந்திரம் ஒரு குளியல். அப்படியே வருஷம் ஓடிப் போச்சு.

போன மாசம் ஒரு நாள் அடுப்புல குழம்பு கொதிக்குது. பின்வாசல்ல நிழல் தெரியுது. நிமிர்ந்து பார்த்தா, வேம்பியம்மா. ஊர்க்காரங்க மலை ஏறினா எசமான் விட மாட்டார். முள்ளுக்காட்டு வழியா நாலு கால்ல தவழ்ந்து ஏறியிருக்காங்க. கை முழுக்கக் கீறல். என்னை மேலேயும் கீழேயும் பார்த்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன்.

"சாமி, உடம்பு தேறியிருக்கு"ன்னாங்க.

அவ்வளவுதான். ஒருத்தரை ஆறு வருஷம் கழிச்சுப் பார்க்கும்போது முதல் வார்த்தை அதுவா? எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு. அப்புறம், "நான் சண்டைக்கு வரலை. என் சுரைக்குடுவை இருந்தா கொடுங்க. இந்த வருஷம் கொடி காய்க்கலை. எட்டாவது ஊர் வரைக்கும் போய்த் தண்ணி கொண்டு வர்றேன், வழிக்கு எடுத்துட்டுப் போக ஒரு குடுவை இல்லை"ன்னாங்க.

குடுவை இருந்தது ஐயா. அடுப்புப் பக்கத்துலேயே தொங்கிக்கிட்டு இருந்தது. நான் அதுலதான் உப்பு போட்டு வெச்சிருந்தேன். வாய் குறுகல், காத்துப் படாது, உப்பு நீர்த்துப் போகாது. நல்ல குடுவை.

அவங்க எதிரிலேயே உப்பைத் தட்டுல கொட்டினேன். வேற என்ன செய்ய? கொட்டிட்டுக் கொடுத்தேன். அவங்க உள்ளே விரலை விட்டாங்க. ஓரத்துல ஒட்டியிருந்த உப்பை எடுத்து நாக்குல வெச்சாங்க. வெச்சுட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. ரொம்ப நேரம் மூடியே இருந்தாங்க. அவங்க திருப்படை இல்லையே, எவன் உப்பையும் தின்னலாம்.

"என்னம்மா"ன்னேன்.

"பன்னிரண்டு வருஷம் ஆச்சு சாமி. மறந்தே போச்சு."

"ஏன், உங்க ஊர்ல உப்பு கிடைக்காதா?"

அவங்க என்னைப் பார்த்தாங்க. குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாங்க. "உப்பு தின்னா தாகம் எடுக்குமே சாமி. தாகம் எடுத்தா எங்கே போறது?"

ஐயா, அன்னைக்கு நான் குரங்குக்கு ஊத்தின கூழ் இருக்கே, அதை நினைச்சேன். ஏழு ஊர்ல ஒரு அடுப்புல உப்பு கிடையாது. பிறந்த குழந்தைங்க உப்புன்னா என்னன்னு தெரியாம வளர்ந்து நிக்குதுங்க. எங்க நோன்பு நாப்பது நாள். அதுக்கே நாங்க முந்நூறு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிவோம், முடிஞ்சதும் விழா எடுப்போம். எனக்கு வெட்கமா இருந்தது. இந்த வார்த்தையை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, உங்ககிட்ட சொல்றேன். வெட்கமா இருந்தது.

குடுவை நிறையத் தண்ணி மொண்டு கொடுத்தேன். சாப்பிடச் சொன்னேன், மாட்டேன்னாங்க. கிளம்பும்போது, "எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஏதாவது தெரியுமா?"ன்னு கேட்டாங்க. சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கிற மலை முனையிலேர்ந்து தவறி விழுந்துட்டார்னு எசமான் என்கிட்ட சொல்லியிருந்தார். நானும் நம்பினேன். நம்பறதுக்கு வசதியா இருந்தது. முனையில இடுப்பளவு கைப்பிடிச் சுவர் இருக்கு ஐயா. தவறி விழ முடியாது. ஆறு வருஷமா தினம் அந்தச் சுவர் மேலதான் வேட்டியைக் காய வெச்சிருக்கேன். "தெரியாதும்மா"ன்னு சொல்லி அனுப்பினேன்.

அன்னைக்கு ராத்திரியெல்லாம் விதியை யோசிச்சேன். தின்ன உப்புக்கு எதிரா நான் ஆயுதம் தூக்க முடியாது. சரி. விஷம் வைக்கலாமா? விஷமும் ஆயுதம்னு அறுபத்தி நாலாவது விதி. தள்ளி விடலாமா? கையும் ஆயுதம்னு அறுபத்தி அஞ்சு. எங்க முன்னோர்கள் ஓட்டையே விடலை. ஆனா ஒண்ணு. சமையல்காரன் குழம்புல உப்பு போட மறக்கக் கூடாதுன்னு நூறு விதியில எங்கேயும் இல்லை. நான் மூணு தடவை மனசுக்குள்ள ஒப்பிச்சுப் பார்த்துட்டேன்.

இப்பப் புரியுதா, ஏன் முகம் அப்படிப் போச்சுன்னு?

உப்பில்லை ஐயா. சோத்துல இல்லை, குழம்புல இல்லை, கத்திரிக்காயில இல்லை, மோர்ல கூட இல்லை. உங்களுக்குத் தனிப் பானை, தனிக் கரண்டி. ஊறுகாய் ஏன் வைக்கலைன்னும் இப்பத் தெரிஞ்சிருக்கும். ஒரு மாசமா இதுக்குத்தான் பழகினேன். வீரனா இருந்தப்ப வேல் பழகினதை விட இது கஷ்டம். கை தன்னால உப்புத் தட்டுக்குப் போகுது. தட்டைத் தூக்கி உத்திரத்து மேல வெச்சேன். ஏணி போட்டு ஏறிப் போட்டுட்டு இறங்கின பிறகுதான் ஞாபகம் வருது. கடைசியில இன்னைக்கு வலது கையை இடுப்போட கட்டிக்கிட்டு இடது கையாலதான் உங்களுக்குச் சமைச்சேன். காய் கோணல் மாணலா இருந்திருக்கும், கவனிச்சிருப்பீங்க. சமையல்காரனா என் பேர் கெட்டுப் போச்சு. ஏற்கெனவே ஒரு பேர் போச்சு, இது ரெண்டாவது.

மத்த எட்டு பேருக்கும் தெரியாது. ஒருத்தர் வாயிலயும் ரகசியம் தங்காது. உங்களைத் தூரத்துல வரும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு. திருப்படையில நடை பழக்குவாங்களே, வலது கால் வைக்கும்போது இல்லாத வேலைத் தரையில ஊன்றிக்கிட்டே நடக்கிற மாதிரி. எந்தக் குடை வியாபாரியும் அப்படி நடக்க மாட்டான்.

இப்பப் போய் அந்தத் துணியை அவுக்கலாம். மெதுவா அவுங்க, வெள்ளி பளிச்சுன்னு அடிக்கும். உண்டுக்கிட்டு இருக்கிறவனைத் தாக்கக் கூடாதுன்னு முப்பத்தி ரெண்டாவது விதி இருக்கு, அதுக்கும் கவலை வேண்டாம். எசமானுக்கு முதல்லயே பரிமாறி முடிச்சுட்டேன். புளிக்குழம்பு. இந்த ஆறு வருஷத்துல அவ்வளவு நல்லா ஒரு நாளும் அமையலை. அவர் விரலைச் சப்பினதைப் பார்த்து ஒரு நிமிஷம் எனக்கே மனசு பிசைஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அந்தக் கைப்பிடிச் சுவரை நினைச்சுக்கிட்டேன்.

நீங்க தோத்தா அந்த முனையிலேர்ந்து அடுத்து விழப் போறது நான்தான். தெரிஞ்சுதான் பண்றேன். இதை ஒளிமங்கலத்துல சொல்லுங்க. ஜெயிச்சுட்டுப் போனீங்கன்னா ஆசானைப் பார்த்து, கொற்றன் பேரைத் திரும்ப எழுதணும்னு சொல்லுங்க. அவன் வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை உப்பை அடக்கினான், அது நோன்பு நாப்பது நாளுக்குச் சமம்னு சொல்லுங்க. சாடியைப் பத்திப் பேச்சு எடுத்தார்னா, காலியானது மூணு சாடின்னு அவர் சொல்வார். நம்பாதீங்க. ரெண்டுதான். மூணாவது சாடியில பாதி இருந்தது.

அவர் எழுத மாட்டேன்னு சொன்னாலும் பரவாயில்லை. திரும்பற வழியில பரிசல்பட்டியில நின்னு, தண்ணி வந்ததும் வேம்பியம்மா குழம்புல உப்பு போட்டாங்களான்னு மட்டும் பார்த்துட்டுப் போங்க. அளவு தெரியாம அள்ளிப் போட்டுடுவாங்க, பன்னிரண்டு வருஷம் ஆச்சு இல்லையா. சொல்லிக் கொடுக்க நான் இருந்தா நானே போறேன்.

கேட்குதா? தடி தட்டுற சத்தம். குதிகாலை ஊன்ற மாட்டார், அதான் அப்படி இழுத்து இழுத்து வர்றார். இலையை மூட வேண்டாம், அப்படியே உட்கார்ந்திருங்க. வேல் மடியில இருக்கட்டும், மேல துண்டைப் போட்டுக்குங்க. நான் அடுப்புப் பக்கம் போய் நிக்கிறேன். என் கை ரெண்டையும் கட்டிக்கிட்டு நிக்கிறேன், பயத்துல ஏதாவது பண்ணித் தொலைக்கும்.

வழக்கம்போலக் கிட்ட வந்து, குனிஞ்சு, சிரிச்ச முகமாக் கேட்பார், உப்பு சரியா இருந்துதான்னு. சமையல்காரன் மனசு கோணுமேன்னு தயங்காதீங்க ஐயா. உள்ளதைச் சொல்லுங்க.